பிள்ளைக்குப் போடும் முதல் ஊசி அம்மாவின் கையில்

"டாக்டர், எனக்கு இது முதல் குழந்தை. ஆறாம் மாதம் முடியப் போகிறது. போன செக்கப்பில் நர்ஸ், 'அடுத்த முறை வரும்போது கக்குவான் ஊசி ஒன்று போடணும், ஃப்ளூ ஊசியும் போட்டுக்கொண்டால் நல்லது' என்றார். வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு இரண்டு ஊசியா என்று பயமாக இருக்கிறது. வீட்டில் இருப்பவர்களும் போட்டுக்கொள்ள வேண்டும் என்றார். என் கணவருக்கு 35 வயது. 'சின்ன வயசிலேயே எல்லாம் போட்டாச்சு, இனி எதுக்கு?' என்கிறார். மாமியாருக்கு 66 வயது, சர்க்கரை உண்டு. 'ஒரு தடவை ஃப்ளூ ஊசி போட்டேன், மறுநாளே காய்ச்சல் வந்தது' என்று அந்தப் பேச்சையே எடுக்க விடுவதில்லை. எங்களோடு இருக்கும் நாத்தனார் மகளுக்கு 12 வயது. அவளுக்கும் ஏதோ ஊசி உண்டாமே? இத்தனை பேருக்கு இத்தனை ஊசி உண்மையிலேயே தேவையா?"
— ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் உங்கள் பயத்தைப் பேசிவிடுவோம். கர்ப்ப காலத்தில் ஒரு மாத்திரையைக்கூட யோசித்துத்தான் போட வேண்டும் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்த எச்சரிக்கை உணர்வு நல்லது, அதை விட்டுவிடாதீர்கள். ஆனால் நர்ஸ் சொன்ன இரண்டு ஊசிகளும் 'கர்ப்பிணிக்குப் போட்டாலும் பரவாயில்லை' என்ற வகையைச் சேர்ந்தவை அல்ல. கர்ப்பிணி என்பதாலேயே போடச் சொல்லும் ஊசிகள். இரண்டிலும் உயிருள்ள கிருமி கிடையாது. அதனால் உங்களுக்கோ வயிற்றில் இருக்கும் குழந்தைக்கோ அந்த நோயை உண்டாக்க அவற்றால் முடியாது.

கக்குவான் இருமலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பெரியவர்களுக்கு இது வந்தால் பல வாரம் இழுக்கும் வறட்டு இருமலாகத் தெரியும். நூறு நாள் இருமல் என்று இதற்கு ஒரு பெயரே உண்டு. தொந்தரவுதான், ஆனால் வேலைக்குப் போய்க்கொண்டே சமாளித்துவிடுவார்கள். இரண்டு மாதம்கூட ஆகாத சிசுவுக்கு இதே கிருமி வந்தால் கதை வேறு. பல சிசுக்களுக்கு இருமல் சத்தமே வராது. இருமுவதற்கான பலம் அந்த உடம்பில் இருக்காது. மூச்சு நின்றுபோகும், உதடு நீலம் பாரிக்கும், பிறகு திரும்ப மூச்சு வரும்.

நான் பயிற்சி மருத்துவராக இருந்தபோது ஐந்து வாரக் குழந்தை ஒன்றை இப்படிக் கொண்டுவந்தார்கள். 'இருமலே இல்லையே டாக்டர், பால் குடிக்கும்போது முகம் கறுத்துப் போகுது' என்றுதான் அந்த அம்மா சொன்னார். நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்த தாத்தா கைக்குட்டையை வாயில் வைத்து இருமிக்கொண்டே இருந்தார். ஒரு மாதமாக அவருக்கு அந்த இருமல். தன்னால்தான் பேரனுக்கு வந்திருக்கும் என்று தெரிந்த பிறகு அந்த மனிதர் வார்டு வாசலைத் தாண்டி உள்ளே வரவே இல்லை. குழந்தை பிழைத்துக்கொண்டது. ஆனால் அந்தத் தாத்தாவின் முகம் எனக்கு இன்றும் மறக்கவில்லை. பேரனைத் தூக்கி வைத்திருந்ததைத் தவிர அவர் செய்த தவறு எதுவும் இல்லை.

குழந்தைக்கே ஊசி போட்டுவிடலாமே என்று கேட்பீர்கள். போடத்தான் போகிறோம், ஆனால் முதல் தவணை பிறந்து ஆறு முதல் எட்டு வாரம் கழித்துத்தான். அதிலிருந்து சரியான பாதுகாப்பு வர இன்னும் இரண்டு தவணை ஆக வேண்டும். கக்குவான் மிகக் கொடுமையாகத் தாக்குவது அதற்கு முந்தைய வாரங்களில். அந்த இடைவெளியை அடைக்க நம்மிடம் இருக்கும் மிக நல்ல வழி நீங்கள்தான். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் தாயின் ரத்தத்தில் இருக்கும் எதிர்ப்புப் பொருள்களை நஞ்சுக்கொடி குழந்தைக்குள் அனுப்பிக்கொண்டே இருக்கிறது. சும்மா கசிந்து போவதில்லை, தேடி எடுத்து அனுப்புகிறது. நிறைமாதக் குழந்தை பிறக்கும்போது சில எதிர்ப்புப் பொருள்கள் தாயின் ரத்தத்தைவிடக் குழந்தையின் ரத்தத்தில் கூடுதலாகவே இருக்கும். அதனால்தான் 27 வாரத்திலிருந்து 36 வாரத்துக்குள் போடுங்கள் என்று பல நாட்டு மருத்துவ வழிகாட்டிகள் சொல்கின்றன. ஊசி போட்டபின் உங்கள் உடம்பு எதிர்ப்புப் பொருளை உருவாக்க இரண்டு வாரம் பிடிக்கும், அது குழந்தைக்குப் போய்ச் சேரவும் நேரம் வேண்டும். ஆகவே 36 வரை காத்திருக்காமல் முன்கூட்டியே போட்டுக்கொள்ளுங்கள். பிரிட்டனில் 2012இல் கக்குவான் பெருகிச் சிசுக்கள் இறந்தபோது அவசரமாக இந்தத் திட்டத்தைத் தொடங்கினார்கள். தாய் ஊசி போட்டுக்கொண்ட குழந்தைகளிடம் முதல் மூன்று மாதத்தில் கக்குவான் வருவது பத்துக்கு ஒன்பது பங்கு குறைந்ததைப் பிறகு கணக்கெடுத்துப் பார்த்தார்கள்.

இதே ஊசியில் டெட்டனஸுக்கும் தொண்டை அடைப்பானுக்கும் சேர்த்தே மருந்து இருக்கிறது. அடுத்த கர்ப்பத்தில் மறுபடி போட வேண்டும், ஏனென்றால் உங்கள் ரத்தத்தில் இந்த அளவு அப்படியே தங்காது.

ஃப்ளூ ஊசியைக் கர்ப்பத்தின் எந்த மாதத்திலும் போடலாம். கர்ப்பிணியின் நுரையீரலுக்கும் இதயத்துக்கும் ஏற்கெனவே வேலை கூடுதல், அதன் மேல் ஃப்ளூ வந்தால் மற்றவர்களைவிட மோசமாகப் போக வாய்ப்பு அதிகம். குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும்வரை ஃப்ளூ ஊசி போட முடியாது. அதுவரை அதற்கும் உங்களிடமிருந்து போவதுதான் பாதுகாப்பு. சில நாடுகளில் 2023 முதல் ஆர்.எஸ்.வி. என்ற வைரஸுக்கும் கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் ஊசி போடுகிறார்கள். கைக்குழந்தைகளுக்கு மூச்சுத்திணறல் கொண்டுவரும் கிருமிகளில் அது முக்கியமானது. உங்கள் ஊரில் கிடைக்கிறதா என்று டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள்.

இப்போது போடக்கூடாத ஊசிகளையும் தெரிந்துகொள்ளுங்கள். தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் ஊசி, சின்னம்மை ஊசி ஆகியவற்றில் பலவீனமாக்கிய உயிருள்ள வைரஸ் இருக்கிறது. இவற்றைக் கர்ப்ப காலத்தில் போடுவதில்லை. உங்களுக்கு ரூபெல்லா எதிர்ப்பு இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனையில் பார்த்திருப்பார்கள், ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். இல்லை என்று வந்திருந்தால், பிரசவம் முடிந்து வீட்டுக்குக் கிளம்பும் முன்பே போட்டுக்கொள்ளலாம். தாய்ப்பால் கொடுப்பதற்கு அது தடையே இல்லை. ரூபெல்லா பெரியவர்களுக்கு லேசான காய்ச்சலும் தடிப்புமாகப் போய்விடும் நோய். ஆனால் கர்ப்பத்தின் ஆரம்ப மாதங்களில் வந்தால் குழந்தையின் கண், காது, இதயம் மூன்றையும் கெடுக்கும். ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக்தான் 1941இல் இதை முதலில் கண்டு சொன்னார். பிறவியிலேயே கண்புரையோடு குழந்தைகள் அடுத்தடுத்து வரவே, அவர்களுடைய அம்மாக்களை விசாரித்தார். கர்ப்ப காலத்தில் ரூபெல்லா வந்து போனதாகப் பெரும்பாலானோர் சொன்னார்கள்.

கர்ப்பத்தின்போது எடுக்கும் ஹெபடைட்டிஸ் பி பரிசோதனையையும் தவறவிடாதீர்கள். இந்த வைரஸ் பிறக்கும்போதே தாயிடமிருந்து தொற்றினால் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு அது வாழ்நாள் நோயாகத் தங்கிவிடும், பின்னாளில் கல்லீரல் சுருக்கமாகவோ புற்றுநோயாகவோ மாறலாம். பெரியவர்களுக்குத் தொற்றினால் அப்படித் தங்குவது நூற்றில் ஐந்து பேருக்கும் குறைவு. வயதுதான் இங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அதனால் தாய்க்குத் தொற்று இருந்தாலும் இல்லாவிட்டாலும், பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் தவணை போட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

சரி, உங்கள் கணவருக்கு வருவோம். அவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது, அதை அவரிடமே சொல்லிவிடுங்கள். தட்டம்மைக்கு இரண்டு தவணை முறையாகப் போட்டிருந்தால் நூற்றில் 97 பேருக்கு அது பலிக்கும், பெரும்பாலும் ஆயுளுக்கும் போதும். ஹெபடைட்டிஸ் பி மூன்று தவணையும் முடித்திருந்தால் அதையும் மறுபடி போட வேண்டியதில்லை. ஆனால் எல்லா ஊசியும் அப்படி இல்லை. டெட்டனஸுக்கும் தொண்டை அடைப்பானுக்கும் பத்து வருடத்துக்கு ஒருமுறை நினைவூட்டும் தவணை போடுவது பல நாடுகளில் வழக்கம். கக்குவான் பாதுகாப்பு சில வருடங்களிலேயே தேய்ந்துவிடும். சின்ன வயதில் போட்டதை நம்பி முப்பத்தைந்து வயதில் இருக்க முடியாது. அவரும் குழந்தை பிறப்பதற்கு இரண்டு வாரமாவது முன்பே, கக்குவானும் சேர்ந்த அந்த ஊசியை ஒருமுறை போட்டுக்கொள்ளட்டும். அதிலேயே டெட்டனஸ் கணக்கும் தீர்ந்துவிடும்.

டெட்டனஸ் ஒரு விஷயத்தில் மற்றவற்றிலிருந்து வேறுபட்டது. அது மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றுவதில்லை. மண்ணில் கிடக்கும் விதை போன்ற கிருமி, காயத்தின் வழியாக உள்ளே போகிறது. சுற்றியிருக்கும் எல்லாரும் ஊசி போட்டிருந்தாலும் போடாத ஒருவரை அது காப்பாற்றாது.

தட்டம்மை இதற்கு நேர் எதிர். எதிர்ப்பு சக்தி இல்லாத மக்களிடையே நோயுள்ள ஒருவர் சராசரியாகப் பன்னிரண்டிலிருந்து பதினெட்டுப் பேருக்குப் பரப்பிவிடுவார். அவர் அறையை விட்டுப் போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை வைரஸ் காற்றில் மிதக்கும். ஆகவேதான் ஓர் ஊரில் நூறில் 95 பேருக்காவது எதிர்ப்பு சக்தி இருக்க வேண்டும் என்கிறோம். மீதி ஐந்து பேர் யார் என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் குழந்தையைப் போன்ற சிசுக்கள், புற்றுநோய்க்கு மருந்து எடுத்துக்கொண்டிருப்பவர்கள், உறுப்பு மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்கள். விரும்பினாலும் இந்த ஊசியைப் போட்டுக்கொள்ள முடியாதவர்கள். அவர்களுக்காகவும்தான் மற்றவர்கள் கையை நீட்டுகிறோம். தட்டம்மையைச் சாதாரணமாக நினைக்கவும் வேண்டாம். மற்ற நோய்களுக்கு எதிராக உடம்பு ஏற்கெனவே சேர்த்து வைத்திருக்கும் நினைவையும் அது அழித்துவிடும். தட்டம்மை குணமான பிள்ளைகளுக்கு அப்புறம் மாதக் கணக்கில் வேறு வேறு தொற்றுகள் வந்துகொண்டே இருப்பது அதனால்தான்.

கணவரின் பழைய ஊசி அட்டை காணாமல் போயிருந்தால் கவலைப்பட வேண்டாம். தட்டம்மை ஊசியையோ ஹெபடைட்டிஸ் பி ஊசியையோ மறுபடி போட்டுக்கொள்வதால் கெடுதல் இல்லை. பாதியில் விட்ட தவணையை முதலிலிருந்து தொடங்கவும் வேண்டாம், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் போதும். அவர் தட்டம்மை ஊசி போட்டுக்கொண்டால் அதனால் உங்களுக்கு ஏதாவது ஆகுமோ என்று கேட்பீர்கள். ஆகாது. அந்த ஊசி வைரஸ் அவரிடமிருந்து உங்களுக்குப் பரவுவதில்லை.

மாமியாரைப் பொறுத்தவரை அவசரப்படாமல் பேசுங்கள். அவருக்குக் காய்ச்சல் வந்தது பொய்யில்லை. ஃப்ளூ ஊசி போட்ட மறுநாள் சிலருக்கு உடம்பு வலிக்கும், லேசாகக் காய்ச்சல் அடிக்கும், ஓரிரு நாளில் சரியாகிவிடும். உடம்பு ஊசியைக் கவனித்து வேலையைத் தொடங்கியிருக்கிறது என்பதுதான் அதன் அர்த்தம். அது ஃப்ளூ நோய் அல்ல. ஊசியில் இருப்பது செயலிழந்த வைரஸின் துண்டுகள், அவை பெருகாது. ஃப்ளூ பரவும் மாதங்களில்தான் இந்த ஊசியைப் போடுகிறோம் என்பதால், ஊசி பலிக்கத் தேவையான இரண்டு வாரத்துக்குள் வேறொரு சளிக் காய்ச்சல் வந்து பழி ஊசி மேல் விழுவதும் உண்டு. ஒரு உண்மையை மறைக்காமல் சொல்லுங்கள். இந்த ஊசி போட்டாலும் ஃப்ளூ வரலாம். வைரஸ் உருமாறிக்கொண்டே இருப்பதால் உலக சுகாதார நிறுவனம் வருடத்துக்கு இரண்டு முறை கூடி, அடுத்த பருவத்துக்கு எந்த ரகங்களைச் சேர்ப்பது என்று பரிந்துரைக்கிறது. சில வருடம் பொருத்தம் நன்றாக அமையும், சில வருடம் அமையாது. அப்போதும் மருத்துவமனையில் படுக்கும் நிலைக்குப் போகாமல் அது பலரைத் தடுக்கிறது. சர்க்கரை உள்ள 66 வயதுக்காரருக்கு அதுதான் முக்கியம். ஃப்ளூ வந்த முதல் வாரத்தில் மாரடைப்பு வரும் ஆபத்து பல மடங்கு கூடுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சளிக் காய்ச்சல்தானே என்று அவர் நினைத்தால் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

அவருக்கு நிமோனியா ஊசியும் தேவை. நியூமோகாக்கஸ் என்ற பாக்டீரியா நுரையீரலில் சளி கட்டுவதோடு நிற்காது, ரத்தத்திலும் மூளை உறையிலும் இறங்கக்கூடியது. வயதும் சர்க்கரையும் சேர்ந்தவர்களை அது எளிதாகப் பிடிக்கிறது. இதில் சில வகைகள் உண்டு, சிலவற்றில் ஒரே தவணை போதும். எது என்று அவருடைய டாக்டர் பார்த்துச் சொல்வார்.

அப்புறம் அக்கி. சின்ன வயதில் சின்னம்மை வந்து போன ஒவ்வொருவரின் நரம்பு முடிச்சிலும் அந்த வைரஸ் உறங்கிக்கொண்டிருக்கிறது. வயதாகி எதிர்ப்பு சக்தி தளரும்போது அது விழித்து அக்கியாக வெளியே வருகிறது. கொப்புளம் ஆறிய பிறகும் மாதக் கணக்கில், சிலருக்கு வருடக் கணக்கில், நரம்பு வலி எரியும். சட்டைத் துணி பட்டால்கூடத் துடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். 50 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இதற்கு இரண்டு தவணை ஊசி இருக்கிறது, இரண்டுக்கும் இடையே இரண்டு முதல் ஆறு மாதம் விட வேண்டும். இதிலும் உயிருள்ள வைரஸ் இல்லை. போட்ட அன்று கை நன்றாகவே வலிக்கும், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் இரண்டாம் தவணைக்கு வர மாட்டார். உங்கள் குழந்தைக்கும் இதில் ஒரு சம்பந்தம் உண்டு. அக்கிக் கொப்புளத்தின் நீர் பட்டால், எதிர்ப்பு சக்தி இல்லாதவருக்கு அது சின்னம்மையாக வரும்.

நாத்தனார் மகளுக்கான ஊசி ஹெச்.பி.வி. ஊசி. இதைப் பற்றி வீட்டில் பேசத் தயங்குகிறார்கள் என்று தெரியும். நான் தயங்காமல் சொல்கிறேன், இது புற்றுநோயைத் தடுக்கும் ஊசி. கருப்பை வாய்ப் புற்றுநோய் ஏறக்குறைய எல்லாமே ஹெச்.பி.வி. வைரஸால் வருவது. இதைக் கண்டறிந்ததற்காக ஹரால்ட் சூர் ஹௌசனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. வைரஸ் உடம்பைத் தொடுவதற்கு வருடங்கள் முன்பே போட்டால்தான் முழுப் பலன், அதனால்தான் 9 முதல் 14 வயதுக்குள் என்று சொல்கிறோம். இங்கிலாந்தில் 12, 13 வயதில் ஊசி போட்டுக்கொண்ட பெண்களிடம் இந்தப் புற்றுநோய் 87 சதவீதம் குறைந்திருந்ததாக 2021இல் ஆய்வு வெளியானது. நான் படித்த காலத்தில் இப்படி ஓர் எண்ணைக் கனவுகூடக் கண்டதில்லை. உங்கள் நாத்தனாரிடம் இந்த ஒன்றை மட்டும் தள்ளிப்போட வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். பையன்களுக்கும் பல நாடுகளில் போடுகிறார்கள்.

பக்கவிளைவு என்றால் கை வலி, அசதி, லேசான காய்ச்சல், சிலருக்கு ஊசியைப் பார்த்ததும் மயக்கம். கடுமையான ஒவ்வாமை ஏறக்குறைய பத்து லட்சம் தவணைக்கு ஒருமுறை வரும். அது பெரும்பாலும் சில நிமிடங்களில் தெரிந்துவிடும், உடனே கவனித்தால் சரிசெய்யக் கூடியது. ஊசி போட்டபின் பதினைந்து நிமிடமாவது உட்காரச் சொல்வது அதற்குத்தான், அவசரமாகக் கிளம்பாதீர்கள். முன்பு ஏதாவது ஊசிக்கு மூச்சுத்திணறலோ முகவீக்கமோ வந்திருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும். லேசான சளி இருந்தால் ஊசியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை, கடும் காய்ச்சல் இருந்தால் தணியும்வரை பொறுக்கலாம். 'தடுப்பூசியால் ஆட்டிசம் வரும்' என்ற பேச்சும் உங்கள் காதுக்கு எப்படியும் வந்து சேரும். 1998இல் வெறும் பன்னிரண்டு குழந்தைகளை வைத்து எழுதிய ஒரு கட்டுரையிலிருந்து கிளம்பியது அது. அதை வெளியிட்ட 'லான்செட்' இதழே 2010இல் அதைத் திரும்பப் பெற்றது. பிறகு லட்சக் கணக்கான குழந்தைகளைப் பார்த்த ஆய்வுகளில் அப்படி எந்தத் தொடர்பும் தெரியவில்லை.

ஊசிக்குப் பயப்படுபவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருவதில்லை. அலி மாவ் மாலின் என்ற சோமாலியரைத்தான் நினைத்துக்கொள்வேன். மருத்துவமனையில் சமையல்காரராக இருந்தவர். ஊசி வலிக்கும் என்று பயந்து பெரியம்மை ஊசியைத் தவிர்த்துவிட்டார். 1977இல் இரண்டு பெரியம்மை நோயாளிகளை முகாமுக்குக் கொண்டுபோன வண்டியில் வழிகாட்ட ஏறினார். கொஞ்ச நேரப் பயணம்தான், நோய் தொற்றிக்கொண்டது. உலகத்தில் இயற்கையாகப் பெரியம்மை வந்த கடைசி மனிதர் அவர்தான். பிழைத்தார். பின்னாளில் இளம்பிள்ளை வாதச் சொட்டு மருந்துப் பிரசாரத்தில் சேர்ந்து, தயங்கிய பெற்றோர்களிடம் தன் கதையைச் சொல்லிச் சொல்லியே அவர்களைச் சம்மதிக்க வைத்தார். 2013இல் அந்த வேலையில் இருந்தபோதே மலேரியா வந்து இறந்தார்.

உங்களுக்கு இப்போது 26 வாரம் இருக்கும் என்று நினைக்கிறேன். அடுத்த செக்கப்பிலேயே கக்குவான் ஊசியைப் போட்டுக்கொள்ளலாம், ஃப்ளூ ஊசியையும் அதே நாளில் இன்னொரு கையில் போடலாம். வலியும் காய்ச்சலும் இருந்தால் பாராசிட்டமால் போதும், காய்ச்சலை மட்டும் அப்படியே விட்டுவிடாதீர்கள். கணவரையும் மாமியாரையும் கூட்டிக்கொண்டே போங்கள். கக்குவான் ஊசி மூன்று பேருக்கும் பொருந்தும், மாமியாருக்கு அன்றைக்கே ஃப்ளூ ஊசியும் ஆகிவிடும். நிமோனியா, அக்கி ஊசிகளைப் பிறகு நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம். உங்கள் ஊர் அட்டவணையில் சின்னச் சின்ன மாற்றம் இருக்கும், அதை உங்கள் டாக்டர் சொல்வதுபோலவே செய்யுங்கள். போட்ட ஊசியின் பெயரையும் தேதியையும் அட்டையில் எழுதி வாங்கி, அட்டையை போட்டோ எடுத்து இரண்டு பேர் போனில் வைத்துக்கொள்ளுங்கள். பிறந்த பிறகு, யாருக்காவது ஒரு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால், எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்து குழந்தையைத் தூக்கச் சொல்லுங்கள். நீங்கள் சொல்ல முடியாவிட்டால் டாக்டர் சொன்னார் என்று என் மேல் பழியைப் போட்டுவிடுங்கள்.